பூட்டிய மைதானம் யாருக்குத் தண்டனை?

கடைசிபெஞ்ச் (மதுரை)

எட்டாம் வகுப்பில் எவனோ ஒருத்தன் விசில் அடித்தான். யார் என்று சார் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. வகுப்பே வெயிலில் முட்டி போட்டது. அடித்தவன் எங்கள் வகுப்பே இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற பையன் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. முட்டியில் ஏறிய சரளைக்கல் தழும்பு இன்னும் இருக்கிறது.

இப்போது அது ஞாபகம் வரக் காரணம், நேற்று ராத்திரி பார்த்த ஒரு பழைய கால்பந்து ஆட்டம். 2022 ஜூன் 4, புடாபெஸ்ட், ஹங்கேரி–இங்கிலாந்து. அதற்கு முந்தைய வருடம் யூரோ போட்டியில் ஹங்கேரி ரசிகர்கள் இனவெறிக் கூச்சல், ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவு செய்யும் பேனர் என்று ஆடிய ஆட்டத்துக்கு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா தண்டனை போட்டிருந்தது: சொந்த மண்ணில் 3 ஆட்டம் ரசிகர் இல்லாமல் ஆடணும், அதில் ஒன்று நிறுத்தி வைப்பு. சரி. ஆனால் விதியில் ஒரு சந்து உண்டு. மைதானத்தைப் பூட்டினாலும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைக் கூட்டி வரலாம், துணைக்குக் கொஞ்சம் பெரியவர்கள் வரலாம். அப்படி வந்தது 30 ஆயிரம் பேருக்கு மேல்!

இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் இனவெறிக்கு எதிராக முட்டி போட்டதும் அந்தப் பிள்ளைகள் 'பூ' என்று ஊளையிட்டார்கள். கேட்டுப் பாருங்கள், ஆண் குரலே இல்லாத கீச்சுக் குரல் ஊளை. யாரைத் தண்டித்தார்கள், யார் திருந்தினார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. தப்பு செய்தவனை விட்டுவிட்டு மைதானத்தைப் பூட்டுவது வாத்தியார் வேலைதானே? உங்கள் கருத்து என்ன?

ஆஃப்சைடு_அண்ணாச்சி (தூத்துக்குடி)

தம்பி, முட்டி போட்டது வருத்தம்தான். அதுக்கப்புறம் உங்க வகுப்புப் பக்கம் யாராவது விசில் அடித்தார்களா? அதைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே.

எங்க ஊரில் ஒருத்தர் மாடு இன்னொருத்தர் வயலில் மேய்ந்தால், அவிழ்த்து விட்டீரா, கயிறு தானாக அறுந்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. பவுண்டில் அடைத்துவிடுவார்கள். பணம் கட்டி மீட்டுக்கொண்டு போகணும். யூஃபா விதியும் அதேதான். ரசிகன் செய்வதற்கு அவன் நாட்டுக் கால்பந்துச் சங்கம் பொறுப்பு. சங்கத்தின் பேரில் தப்பே இல்லாவிட்டாலும் பொறுப்பு. இந்த விதி இல்லையென்றால் ஒவ்வொரு சங்கமும் "அவங்க எங்க ஆளே இல்லை" என்று கையைக் கழுவிவிட்டுப் போய்விடும்.

வெறும் அபராதம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று 2012 யூரோவிலேயே பார்த்தாச்சு. டென்மார்க்கின் பெண்ட்னர் போர்ச்சுகலுக்கு எதிராக கோல் போட்டுவிட்டு டிரவுசரை லேசாக இறக்கி, ஒரு பந்தயக் கம்பெனி பேர் போட்ட ஜட்டியைக் காட்டினார். அபராதம் 1 லட்சம் யூரோ, கூடவே ஓர் ஆட்டத் தடை. அதே போட்டியில் குரோயேஷியா ரசிகர்கள் இத்தாலியின் கறுப்பின ஆட்டக்காரர் பலோட்டெலியைப் பார்த்துக் குரங்கு மாதிரி கத்தினார்கள். அதற்கு அந்தச் சங்கம் கட்டியது 80 ஆயிரம். ஜட்டியை விட 20 ஆயிரம் கம்மி.

பணத்தை விட்டெறிந்துவிட்டுப் போவார்கள். நாற்காலி காலியானால்தான் வலிக்கும்.

வியாசை_விங்கர் (சென்னை)

பாயிண்ட்டைப் பிடுங்குங்க பாஸ். நாங்க லீக் ஆடுறப்போ கூட வந்த பசங்க ரெஃப்ரியை அடிக்கப் போனாங்க. 3 பாயிண்ட் போச்சு. அடுத்த மேட்ச்ல அதே பசங்களை நாங்களே கயிறு கட்டி நிறுத்தி வெச்சோம். ரசிகனுக்கு டிக்கெட் காசு பெரிசில்லை, டீம் தோத்தா தூக்கம் வராது.

க்ராய்டன்_குமரன் (லண்டன்)

நான் இங்கே ஒரு கிளப் மைதானத்தில் 7 வருடம் ஸ்டூவர்ட் வேலை செய்தவன், ஒரேஞ்ச் ஜாக்கெட் போட்டு வாசலில் பை பார்க்கிற ஆள். பெயர் வேண்டாம். அதனால் கொஞ்சம் நீளமாகக் கதைக்கிறேன்.

இங்கிலாந்து ரசிகர்தான் ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கே தலையிடி. 1985 மே 29, பிரசெல்ஸ் ஹெய்சல் மைதானம். லிவர்பூல் ஆட்கள் பாய்ந்து ஓடியதில் சுவர் சரிந்து 39 பேர் செத்தார்கள், அதிகம் பேர் இத்தாலியர். இங்கிலாந்துக் கிளப்புகள் 5 வருடம் ஐரோப்பாவில் ஆட முடியாமல் போனது, லிவர்பூலுக்கு 6. பிறகு 2000 யூரோவில் பெல்ஜியம் ஷார்லருவாவில் ஜெர்மனியோடு ஆட்டம். கதிரை எறிதல், பொலிஸ் தண்ணீர் பாய்ச்சுதல், எல்லாம் நடந்தது. பிடிபட்ட இங்கிலாந்து ஆட்கள் 900-க்கும் மேல். "இன்னொரு தடவை நடந்தால் அணியையே வீட்டுக்கு அனுப்புவோம்" என்று யூஃபா எச்சரித்தது.

அந்த வருடமே புதுச் சட்டம் வந்தது. தடை ஆணை என்பார்கள். நீதிமன்றம் ஓர் ஆளுக்கு 3 வருடத்திலிருந்து 10 வருடம் வரை போடலாம். உள்ளூர் ஆட்டத்துக்கும் போக ஏலாது. இங்கிலாந்து வெளிநாட்டில் ஆடும்போது முன்கூட்டியே கடவுச்சீட்டைப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை. 2022 கத்தார் உலகக் கோப்பைக்கு இப்படிப் போக முடியாமல் இருந்தவர்கள் 1,300-க்கும் மேல். கத்தாரில் இங்கிலாந்து ஆட்கள் கலவரம் செய்ததாக ஏதாவது கேள்விப்பட்டீர்களா?

இனி நான் கண்ணால் கண்டது. ஒரு சனிக்கிழமை. ஆறு வயதிருக்கும், ஒரு பிள்ளை, தகப்பனோடு வருகிறது. பிள்ளையின் முதுகில் டைனோசர் படம் போட்ட சின்னப் பை. பிள்ளைகளின் பையை நாங்கள் பெரிதாகக் கிண்டுவதில்லை, அழுதால் பின்னால் வரிசை நின்றுவிடும். உள்ளே பாண் துண்டும் ஜூஸ் பெட்டியும் தெரிந்தது, விட்டுவிட்டேன். அரை மணித்தியாலம் கழித்து என் பகுதியிலேயே சிவப்பு ஃப்ளேர், புகை கக்கும் பெரிய மத்தாப்பு மாதிரி ஒன்று, எரிகிறது. அதைத் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, மணல் வாளிக்குள் குத்த வேண்டும். நான் வாளியோடு ஓடிப் போய்ப் பார்த்தால் பக்கத்தில் அந்தப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. பை திறந்து கிடக்கிறது.

கமராவில் முகம், ரிக்கெட்டில் இருக்கை எண், எல்லாம் இருந்தது. ஆளுக்கு 3 வருடத் தடை. மைதானத்தைப் பூட்டியிருந்தால் பக்கத்தில் இருந்த ஆயிரம் பேருக்கும் அல்லவா தடை?

கடைசிபெஞ்ச்

குமரன் அண்ணா, இதைத்தான் சொல்ல வந்தேன். ஆளைப் பிடி, அவன் பாஸ்போர்ட்டை வாங்கி வை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?

ஆஃப்சைடு_அண்ணாச்சி

குமரன் தம்பி சொல்வது லண்டனுக்குச் சரி. கேமரா, நீதிமன்றம், பொலிஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிற ஊர். பல்கேரியாவில்? 2019 அக்டோபர் 14, சோஃபியா, இங்கிலாந்தோடு ஆட்டம். நாஜி சல்யூட், குரங்குக் கத்தல், ஆட்டம் ரெண்டு தடவை நின்றது. கறுப்புச் சட்டைக் கூட்டம் ஒன்று மொத்தமாக உட்கார்ந்திருந்தது, முகமூடி வேறே. (நம்ம ஊர்க் கறுப்புச் சட்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை, கோவிச்சுக்காதீங்க.) ஆட்டத்துக்கு முன்னாடி "எங்க ஊரில் இனவெறிப் பிரச்சினையே இல்லை, இங்கிலாந்துக்காரன்தான் ஊதிப் பெருக்குகிறான்" என்கிற தொனியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் போய் ஆளைப் பிடிப்பார்களாக்கும்!

மறுநாளே அந்தச் சங்கத் தலைவர் மிஹாய்லோவ் ராஜினாமா செய்தார். மேலிடத்தில் வலித்தால்தான் கீழே கை நீளும்.

கடைசிபெஞ்ச்

அண்ணாச்சி, ராஜினாமா வாங்கியது யூஃபா இல்லை. அந்த நாட்டுப் பிரதமரே வெளிப்படையாகக் கேட்டார், அதனால்தான் போனார். யூஃபா தீர்ப்பு வந்தது அப்புறம்தான்: 75 ஆயிரம் யூரோ, 2 ஆட்டம் பூட்டு, அதில் ஒன்று நிறுத்தி வைப்பு.

புல்லட்_பாண்டி (திருச்சி)

எதுக்கு இவ்வளவு பேச்சு. நாலு கேட்டையும் மூடிட்டு உள்ளே கண்ணீர்ப்புகை போடணும். ரெண்டு தடவை செஞ்சா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டானுங்க.

நிலா_78 (கோவை)

பாண்டி, நீங்கள் சொன்னதை அப்படியே செய்து பார்த்திருக்கிறார்கள். 1964 மே 24, பெருவின் லிமா. பெரு–அர்ஜென்டினா, ஒலிம்பிக் தகுதிச் சுற்று. பெரு போட்ட கோலை நடுவர் ரத்து செய்தார். ஒருவர் உள்ளே ஓடினார், பின்னால் இன்னொருவர். போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகை வீசியது. ஜனங்கள் மூச்சுத் திணறிப் படிக்கட்டில் இறங்கினால் கீழே இரும்புக் கதவு பூட்டியிருந்தது. முன்னால் இருப்பவருக்குக் கதவு, பின்னால் இருப்பவருக்குப் புகை. அரசாங்கக் கணக்கிலேயே 328 பேர் செத்தார்கள். அவர்கள் எல்லாரும் மைதானத்துக்குள் ஓடியவர்களா? ரெண்டு பேர் ஓடினார்கள்.

உள்நாட்டு ஆட்டம்தான், ஆனாலும் 2022 அக்டோபர் 1, இந்தோனேசியா கஞ்சுருஹான் நினைவிருக்கிறதா? திரும்பவும் கண்ணீர்ப்புகை, திரும்பவும் வாசலில் நெரிசல், 135 உயிர். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்று ஃபிஃபா பாதுகாப்பு விதியில் எழுதியே இருந்தது.

புல்லட்_பாண்டி

கோவத்துல சொன்னது. இந்த விவரம் தெரியாது. வாபஸ்.

நிலா_78

சரி. இப்போது மற்ற எல்லாருக்கும் ஒரு கேள்வி. 'ஒழுங்கீனமான ரசிகர்' என்று முத்திரை குத்துவது யார்?

1989-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் அடிபட்ட லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்தார்கள் என்று போலீஸ் சொன்னது, பத்திரிகை அச்சடித்தது. அது பொய் என்று நீதிமன்ற ஜூரியிடம் தீர்ப்பு வாங்க 2016 வரை 27 வருடம் ஆனது. அதோடு முடிந்ததா? 2022 மே 28, பாரிஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். வாசலில் லிவர்பூல் ரசிகர்கள் மணிக்கணக்கில் நசுங்கி நின்றார்கள், பெப்பர் ஸ்ப்ரே வாங்கினார்கள். மைதானத்தின் பெரிய திரையில் "ரசிகர்கள் தாமதமாக வந்ததால் ஆட்டம் தள்ளிப்போகிறது" என்று போட்டார்கள். யூஃபாவே அமைத்த விசாரணைக் குழு அடுத்த வருடம், முதன்மைப் பொறுப்பு யூஃபாவுக்கே என்று எழுதியது. கொஞ்சம் பிசகியிருந்தால் அதையும் கலவரக் கணக்கில்தான் எழுதியிருப்பார்கள்.

குமரன், உங்கள் தடை ஆணை பற்றியும் எனக்கு உறுத்தல் உண்டு. குற்றம் நிரூபணம் ஆகாமலே, போலீஸ் மனு போட்டாலே நீதிமன்றம் அதைப் போடலாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது சின்ன விஷயமா? இரண்டு ரசிகர்கள் மேல்முறையீடு வரை போய் 2002-ல் தோற்றார்கள். நான் வக்கீல் ஆபீசில் வேலை பார்ப்பவள். 'நிரூபிக்காமல்' என்ற சொல்லைப் பார்த்தாலே பேனா நின்றுவிடும்.

க்ராய்டன்_குமரன்

நிலா அக்கா, அது நியாயமான கேள்வி. மனு போட்டுக் கேட்கும்போதும் அந்த ஆள் முன்பு வன்முறையில் ஈடுபட்டதைப் பொலிஸ் காட்டத்தான் வேண்டும், சும்மா சந்தேகம் போதாது. ஆனாலும் தப்பான ஆள் மாட்ட மாட்டான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வாசலில் நிற்கும்போது எங்களுக்கே ஆள் மாறும்.

வியாசை_விங்கர்

என் பாயிண்ட்டுக்கு யாரும் பதில் சொல்லலையே. பாயிண்ட்டைப் பத்திதான் சொல்றேன் 😄

கடைசிபெஞ்ச்

விங்கர், உனக்காகவே நேற்றிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். மனசு மாறிவிட்டது. இன்னும் கெட்டியாகப் பழைய பக்கமே மாறிவிட்டது.

முதலில் செர்பியா–அல்பேனியா, யூரோ தகுதிச் சுற்று. 2014 அக்டோபர் 14, பெல்கிரேட். வெளியூர் ரசிகரே வேண்டாம் என்று முன்கூட்டியே தடுத்திருந்தார்கள். நடு ஆட்டத்தில் ஒரு டிரோன், அதில் தொங்கியபடி அல்பேனியக் கொடி வரைபடத்தோடு பறந்து வந்தது. செர்பிய ஆட்டக்காரர் அதைப் பிடித்து இழுத்தார், அல்பேனியர்கள் பாய்ந்தார்கள், உள்ளூர் ரசிகர்கள் இறங்கி அடித்தார்கள், ஒருத்தர் கையில் பிளாஸ்டிக் நாற்காலி. யூஃபா தீர்ப்பு: ஆட்டம் செர்பியாவுக்கு 3–0, கூடவே செர்பியாவுக்கு 3 பாயிண்ட் வெட்டு. இரண்டு பக்கமும் லோசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015 ஜூலையில் அங்கே தலைகீழ்: 3–0 அல்பேனியாவுக்கு.

இனிதான் கூத்து. அந்தப் பிரிவில் அல்பேனியா 14 பாயிண்ட், டென்மார்க் 12. அந்த 3 இல்லாவிட்டால் அல்பேனியா 11. யூரோவுக்கு நேராகப் போயிருக்க வேண்டியது டென்மார்க். பெல்கிரேடில் டிரோன் பறந்ததுக்கு, டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உட்கார்ந்திருந்தவன் பிளே-ஆஃப் என்கிற கூடுதல் தகுதி ஆட்டம் ஆடி ஸ்வீடனிடம் தோற்றான். எங்கள் சைக்கிள் ஸ்டாண்ட் கதையை விட மோசம்.

அடுத்தது குரோயேஷியா. இதைப் படித்ததும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். 2015 ஜூன் 12, ஸ்ப்ளிட் நகரம், இத்தாலியோடு ஆட்டம். ஏற்கெனவே இனவெறிக் கூச்சலுக்குத் தண்டனை என்பதால் மைதானம் பூட்டு, ஒரு ரசிகர் இல்லை. ஆட்டம் தொடங்கினால் புல்லில் ஸ்வஸ்திகா! முந்தியே யாரோ ரசாயனம் தெளித்து வைத்திருக்கிறார்கள், நேரம் போகப் போகத் தெரிகிறது. இடைவேளையில் ஆட்கள் வந்து அதை மறைக்கப் பார்க்கிறார்கள், மறையவில்லை. ஆளில்லாத மைதானத்தில், ரசிகர் குற்றம். தண்டனை? 1 பாயிண்ட் வெட்டு, 1 லட்சம் யூரோ, இன்னும் 2 ஆட்டம் பூட்டு.

ஏன் செய்தார்கள் என்றால், அந்த முரட்டு ரசிகர் கூட்டத்துக்குத் தங்கள் சங்கத்தின் மேலேயே வெறுப்பு. ஊழல் ஆட்கள் கையில் சங்கம் இருக்கிறது என்று நினைத்தார்கள். சங்கத்தை உதைக்க அவர்களிடம் கால் இல்லை, யூஃபாவுக்கு இருக்கிறது. இவர்கள் அசிங்கம் செய்தால் யூஃபா சங்கத்தை உதைக்கும். அடுத்த வருடம் யூரோவில் செக் குடியரசோடு 2–1 என்று ஜெயித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்க ஃப்ளேர் மழை. ஒரு ஸ்டூவர்ட் பக்கத்திலேயே வெடித்தது. ஆட்டம் நின்று, திரும்பத் தொடங்கி, 2–2 ஆனது. சொந்த அணியைச் சொந்த ரசிகனே கவிழ்த்தான்.

அண்ணாச்சி, பவுண்டில் அடைப்பது மாட்டுக்குச் சரி. மாட்டுக்காரர் மேல் கோபத்தில் மாடே போய் வேண்டுமென்றே பவுண்டில் நின்றால்?

ஆஃப்சைடு_அண்ணாச்சி

இந்தக் குரோயேஷியா விஷயம் எனக்குப் புதுசு. யோசிக்க வைக்கிறது, ஒத்துக்கிறேன். ஆனால் விதியை எடுத்துவிட்டால் அடுத்த நாளே அம்பத்தஞ்சு சங்கமும் தூங்கிவிடும். அதையும் யோசியுங்க.

க்ராய்டன்_குமரன்

அந்தத் தண்டனையின் கடைசி ஆட்டத்தை நான் டிவியில் பார்த்தேன். 2018 அக்டோபர், குரோயேஷியாவின் ரியெக்கா, இங்கிலாந்தோடு, 0–0. குற்றம் நடந்து 3 வருடத்துக்கு மேல். இடையில் அந்த அணி உலகக் கோப்பை இறுதிவரை போய் வந்துவிட்டது. கதிரைகள் எல்லாம் காலி. பந்து கம்பத்தில் பட்டால் பாத்திரம் விழுந்த மாதிரிக் கேட்டது. கோலி கத்துகிறது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பக்கத்து மலையில் ஏறி நின்று சில இங்கிலாந்து ரசிகர்கள் பார்த்தார்கள். பயணச் செலவு செய்து வந்து, அடுத்தவன் குற்றத்துக்கு ஆடு மேய்க்கிற மாதிரி நின்றார்கள், பாவம்.

நிலா_78

ஆளைப் பிடிப்பதும் லேசான வேலை இல்லை, கடைசிபெஞ்ச். 2016 யூரோவில் பிரான்ஸின் மார்செயில் இங்கிலாந்து–ரஷ்யா. பயிற்சி எடுத்த ரஷ்ய அடியாட்கள் 150 பேர் என்று அங்குள்ள அரசு வழக்கறிஞரே சொன்னார். அன்றைக்கு உடனே மாட்டிச் சிறைக்குப் போனவர்களில் போத்தல் எறிந்த இங்கிலாந்துக்காரர்கள் உண்டு. பயிற்சி எடுத்தவர்கள் கலைந்து போய்விட்டார்கள். ரஷ்யச் சங்கத்துக்கு 1.5 லட்சம் யூரோ. இரண்டு ரஷ்யர்களைத் தேடிப் பிடித்துத் தண்டனை கொடுக்க 2020 டிசம்பர் ஆனது, ஒருவருக்கு 10 வருடம். நாலரை வருடம் நாடு நாடாகத் துரத்த யாருக்குப் பொறுமை?

வியாசை_விங்கர்

எதிரணி கோலி கிக் அடிக்கிறப்ப மெக்சிகோ ரசிகருங்க ஒரு கெட்ட வார்த்தை கத்துவாங்களே, அதுக்கு எத்தனை ஃபைன். 2021-ல ஜமைக்கா மேட்ச்சை அவங்க ஊர் ஆஸ்டெக்கா மைதானத்துல ஆளில்லாமதான் ஆடினாங்க. 2023-ல லாஸ் வேகாஸ்ல அமெரிக்காவோட ஆடுறப்ப திரும்ப அதே வார்த்தை, ரெஃப்ரி மேட்ச்சையே சீக்கிரம் முடிச்சிட்டார். ஆஸ்டெக்காவைப் பூட்டினா வேகாஸ்ல இருக்கிறவனுக்கு என்ன? சரி, என் பாயிண்ட் ஐடியா அவுட். டென்மார்க் கதை கேட்டதும் கஷ்டமாயிருச்சு.

கடைசிபெஞ்ச்

நிலா அக்கா, நாலரை வருடம் ஆனாலும் அது சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததே. பூட்டிய மைதானம் ஒரு வாரத்தில் கிடைக்கும், ஆனால் தப்பான ஆளிடம் போகும். வேகமாகக் கிடைப்பதால்தான் யூஃபாவுக்கு அது பிடித்திருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்: சங்கத்தின் பணத்தைப் பிடுங்குங்கள், நிறையப் பிடுங்குங்கள், அந்தப் பணத்தில் கேமராவும் பெயர் போட்ட டிக்கெட்டும் வாங்கச் சொல்லுங்கள், வாங்கினார்களா என்று போய்ப் பாருங்கள். ஆளை அடையாளம் காட்டாத சங்கத்துக்கு அபராதம் இரட்டிப்பு. நாற்காலியைப் பூட்ட வேண்டாம்.

ஆஃப்சைடு_அண்ணாச்சி

"ஆளைக் காட்டாவிட்டால் இரட்டிப்பு" – இது நல்லா இருக்கு. மற்றதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. பேரன் ஸ்கூல் விட்டு வரும் நேரம், ராத்திரி வந்து சண்டை போடுகிறேன்.

நிலா_78

குமரன், அந்த டைனோசர் பைக்காரர் என்ன ஆனார்?

க்ராய்டன்_குமரன்

3 வருடம் முடிந்து வந்தார் அக்கா. என் வாசலுக்கே. நான் மறந்திருந்தேன், பிள்ளைதான் என்னை அடையாளம் கண்டது. தகப்பன் கையைத் தூக்கி நின்றார், சோதித்தேன், ஒன்றும் இல்லை. பையன் கேட்காமலே தன் பையைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து மேசையில் கொட்டினான். ஒரு ஸ்வெட்டர், பாதி தின்ற சொக்லேட், பஸ் கார்ட். பின்னால் வரிசை நின்றுவிட்டது, சனம் சத்தம் போடத் தொடங்கிவிட்டது.